88 வெள்ளிக்கு ஓர் எழுத்து: பெயர் பார்க்கும் கடை அனுபவம்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். கடைப் பெயரை எழுதப்போவதில்லை. வயதான மனிதர், அவர் பிழைப்பு அது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடி. அது போதும்.

தம்பிக்குப் பையன் பிறந்து 26 நாள் ஆகியிருந்தது. 30-ஆம் நாள் பெயர் சூட்டுவதாக ஏற்பாடு. அத்தை என்ற முறையில் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டியவள் நான். 'இளமாறன்' என்று எல்லாரும் பேசி முடித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து தம்பியின் மாமியார், "நட்சத்திரம் பாக்காம எப்படி வைப்பீங்க?" என்று போன் போட்டார். தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

வாட்ஸ்அப்பில் 11 மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது 12:10. ஏர்கான் நன்றாக ஓடுகிறது, கல்கண்டு கொடுக்கிறார்கள். குறைசொல்லாமல் எழுத முடிந்தது இவ்வளவுதான்.

குழந்தை ஆயில்யம், நாலாம் பாதம். ஐயா லேமினேட் செய்த அட்டையில் விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். "டோ."

"டோவா?"

"டோதாம்மா. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. நாலாம் பாதம்னா டோ."

மூன்று பெயர் எழுதிக் கொடுத்தார். டோவின், டோஷன், டோமேஷ். பொருள் கேட்டேன். டோமேஷ் சிவனுடைய பேராம். எந்தக் கோயில் சிவன் என்று கேட்டதற்கு, பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "வடக்கே" என்றார். மூன்றாம் பாதமாக இருந்தால் 'டே'. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதட்டுவது போலிருக்கும்.

நான் தமிழை இலக்கியமாகப் படித்தவள். 'ட' சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். ராமனுக்கு முன்னால் ஓர் 'இ' போட்டு இராமனாக்கி உள்ளே விட்ட நன்னூல்கூட 'ட'வுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. ஐஸ்லாந்தில் 1991 முதல் பெயர்க் குழு ஒன்று இருக்கிறது. புதுப் பெயர் என்றால் அந்நாட்டு வேற்றுமை உருபை ஏற்குமா என்று பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். படித்தபோது என்ன அடாவடி என்று நினைத்தேன். டோமேஷைக் கையில் வாங்கிய பிறகு அந்தக் குழுவின் மீது கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.

மற்ற நாட்டுக் கெடுபிடியெல்லாம் வேறு ரகம். நியூசிலாந்தில் பதவியைக் குறிக்கும் பெயர்களை மறுப்பார்கள்; கிங், பிரின்ஸ் எல்லாம் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டவை. ராஜாவும் ராணியும் இளவரசியும் தெருவுக்கு நான்கு இருக்கிற நம் சாதிசனத்தை அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், 2006-இல் பதிவுத் துறை வேண்டாத பெயர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. விலங்கு, பழம், நிறம், எண் என்று போன அந்தப் பட்டியலில் கருப்புசாமியும் இருந்ததாகச் செய்தி வந்தது. என் பெரியப்பா கருப்பையா அதைக் கேட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

இங்கே சிங்கப்பூரில், இந்தப் பெயர்களில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்று யாரும் பட்டியல் நீட்டுவதில்லை. அரசாங்கம் முக்கியமாகக் கேட்பது ஒன்று: 42 நாளுக்குள் பதிந்துவிடு. ஆக, யாரும் போடாத தடையை நாங்கள் 88 வெள்ளி கொடுத்து, மாடிப்படி ஏறிப்போய் வாங்கி வந்திருக்கிறோம்.

"டோ வேண்டாம், இளமாறன்தான்" என்று நான் அசையாமல் உட்கார்ந்த பிறகு, ஐயா எண்கணிதத்துக்கு மாறினார்; பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டிப் பலன் சொல்வது. ஐ 1, எல் 3, ஏ 1, எம் 4, ஏ 1, ஆர் 2, ஏ 1, என் 5. கூட்டு 18. உதட்டைப் பிதுக்கினார். "18 சண்டைக்கார எண்மா." நடுவில் இன்னொரு ஏ சேர்த்தார். 19. முகம் மலர்ந்துவிட்டது. "சூரியன்!" மஞ்சள் தடவிய அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் கொடுத்தார். ரொக்கம் மட்டும்தான்; வங்கி அட்டை, கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்து அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் வேலை பார்ப்பது மருந்தகக் கவுண்டரில். மருந்தைக் கையில் கொடுக்குமுன் உறையில் ஒட்டிய பெயரைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நம் பெயர்களை அதில் எப்படியெல்லாம் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒற்றை ஏ போட்டிருந்தால் பையன் ஆயுளுக்கும் 'இளமரன்'. பழந்தமிழில் மரன் என்றால் மரம்; மரக்கன்று என்று கூப்பிட்ட மாதிரி ஆகியிருக்கும். இரட்டை ஏ போட்டால் சீன சக ஊழியர்கூட 'மா'வை நீட்டித்தான் சொல்கிறார், மறுநாள் எழுதிக் காட்டிச் சோதித்தேன். சூரியனுக்காக அவர் போட்ட எழுத்து தமிழ் நெடிலுக்குச் சரியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது நட்சத்திரம் அந்த ஏ-வுக்கு. முதல் நட்சத்திரம் கல்கண்டுக்கு.

33-ஆம் நாள் ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு தம்பி அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியில் பிறப்பைப் பதிந்தான். அரசாங்கச் சேவைகளுக்கான மின்அடையாளமான சிங்பாஸில் நுழைந்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக நான் உரக்கச் சொல்ல அவன் தட்டினான். அனுப்பிய பிறகு ஓர் எழுத்து தவறென்றால் அலைச்சல். பெரியவனான பிறகு பெயரையே மாற்ற வேண்டுமென்றால் வக்கீலிடம் போய் 'டீட் போல்' என்ற பெயர்மாற்றப் பத்திரம் எழுத வேண்டும். அதனால் மூன்று தரம் பார்த்தோம். 2022 மே மாதக் கடைசியிலிருந்து சான்றிதழ் காகிதத்தில் வருவதில்லை, மின்சான்றிதழ்தான். கட்டணம் 18 வெள்ளி. ஐயா பயந்த அதே 18.

போகிறவர்கள் போங்கள், காலையில் முதல் ஆளாகப் போனால் காத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த அட்டை அலமாரியில் இருக்கிறது. மாமியாருக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. வீடியோ காலில் வந்தால், "டோ... டோ..." என்றுதான் பேரனைக் கொஞ்சுகிறார். பையனும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்.