காத்மாண்டுவில் பழைய ஹஷீஷ் கடை காலண்டர் வாங்கப் போகிறீர்களா?

காத்மாண்டு போகிறவர்கள், அதிலும் பழைய காலண்டர், போஸ்டர் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். தாமெல் பகுதியில் ஒரு கடையில் "1973 அசல்" என்று சொல்லி 8,000 ரூபாய்க்கு ஒரு காலண்டரை என் தலையில் கட்டினார்கள். அதுவும் நம் ஊர் ரூபாய். சீட்டில் வெறும் எண்தான் எழுதியிருந்தது. நேபாள ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் நம் கணக்கில் 5,000தான் வரும். பில் போடும்போதுதான் கடைக்காரர் "ஐ.சி., ஐ.சி." என்றார், அதாவது இந்தியன் கரன்சி. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது அங்கே நிலையான கணக்கு. விலை கேட்கும்போதே ஐ.சி.யா, என்.சி.யா (நேபாளி கரன்சியா) என்று கேட்டுவிடுங்கள்.

சரி, ஒரு காலண்டருக்கு ஏன் இவ்வளவு விலை? 1973 ஜூலை வரை நேபாளத்தில் கஞ்சாவும் ஹஷீஷும் (கஞ்சாச் செடியின் பிசின்) உரிமம் பெற்ற கடைகளில் பகிரங்கமாக விற்றன. பசந்தபூர் அரண்மனையை ஒட்டிய ஜோசென் தெருவில் ஹிப்பிகள் வந்து குவிந்ததால் அதற்கு ஃப்ரீக் ஸ்ட்ரீட் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கடைகளில் ஈடன் ஹஷீஷ் சென்டர் என்பது பேர்போனது. அது வெளியிட்ட காலண்டர்களில் மேலே சாமி படம், கீழே ஆங்கிலத்தில் கடையின் பெயர், ஊரிலேயே பழைய கடை என்ற பெருமை, நல்ல நேபாளச் சரக்கு கிடைக்கும் என்ற விளம்பரம். புத்தாண்டுக்கு நம் மளிகைக் கடைக்காரர் சுருட்டித் தரும் முருகன் காலண்டர் மாதிரியேதான், விற்ற சரக்குதான் வேறு. அந்த ஜூலையில் அரசு உரிமங்களை ரத்து செய்தது, கடைகள் மூடின. அதனால்தான் எஞ்சிய தாள்களுக்கு இந்த மவுசு.

நான் வாங்கியது ஒரு சிவன் படம். தாள் பழுப்பேறி, நடுவில் மடிப்புக் கோடு, மேலே தகரப் பட்டை, அதன் கீழே துருக்கறை. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தார்கள். பிரித்துக் காட்டச் சொன்னால், "காற்றுப் பட்டால் தாள் உதிர்ந்துவிடும் தாஜு (அண்ணா)" என்றார். அறைக்கு வந்து பிரித்தேன். மடிப்புக் கோட்டில் விரலை ஓட்டினால் வழவழவென்று போகிறது. மடிப்பே இல்லை, மடிப்பின் படம்தான் அச்சாகியிருக்கிறது! துருக்கறையும் அப்படியே. தகரப் பட்டையோ புத்தம் புதுசு, அதில் துருவே கிடையாது.

அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்தக் கால ஆஃப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வட்டங்களாகச் சேர்ந்து நிற்கும். கறுப்பு எழுத்து தனிக் கறுப்பு மையில் ஓரம் தெளிவாக விழுந்திருக்கும். இதில் கறுப்பு எழுத்துக்குள்ளேயே நீலமும் சிவப்பும் தூவினாற்போலத் தெரிகின்றன. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்தது. பழுப்பு நிறம் டீத்தண்ணீர் உபயம் என்பது என் ஊகம். பின்பக்கத்தில் ஒரு மூலை மட்டும் வெள்ளையாகத் தப்பியிருந்தது.

மறுநாள் போய்க் கேட்டேன். "விண்டேஜ் என்றால் பழைய பாணி என்று அர்த்தம், பழைய சாமான் என்றா சொன்னோம்?" என்றார். முந்தைய நாள் சொன்ன "அசல்" எங்கே போனதோ! பில்லை எடுத்துப் பார்த்தால், "காகிதக் கைவினைப் பொருள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பணம் திரும்பவில்லை. நான் பேசிக்கொண்டிருந்தபோதே உள்ளே தொங்கிய இன்னொரு காலண்டரில் அதே இடத்தில், அதே வடிவத்தில் துருக்கறை. அதற்குப் பக்கத்தில் 1976ஆம் ஆண்டு போட்ட இன்னொரு "அசல்". உரிமமே ரத்தாகி மூன்று வருடம் கழித்து எந்தக் கடை விளம்பரக் காலண்டர் அடித்ததாம்?

இன்னொரு வசூலும் நடந்தது. "அரசு சான்றிதழ்" என்று தனியாக 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு முத்திரைத் தாள் கொடுத்தார்கள். நேபாளத் தொல்லியல் துறை சான்று தருவது உண்மைதான். ஆனால் அது, இந்தப் பொருள் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் இல்லை, வெளியே கொண்டுபோகலாம் என்பதற்கு. உங்கள் காலண்டர் அசலா என்று சொல்வது அந்தத் துறையின் வேலையே இல்லை.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள், மடிப்பைத் தொட்டுப் பாருங்கள். தேதிகளையும் சரிபாருங்கள்: 1973 ஜனவரி 1 திங்கட்கிழமை. முக்கியமாக, பில்லில் "அசல், 1973" என்று கையெழுத்துடன் எழுதித் தரச் சொல்லுங்கள், முகம் மாறுவது தெரியும். மறுபதிப்பு என்று சொல்லியே 200, 300க்கு விற்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. படம் அழகான படம்தான்.