விவேக் சார் பேரில் மரம் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு நர்சரி

ஏற்காடு அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது இந்தச் சின்ன நர்சரி. பெயர்ப்பலகை கிடையாது, பச்சை வலைப் பந்தல்தான் அடையாளம். ரோஜா, குரோட்டன்ஸ் தேடுகிறவர்களுக்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மரக்கன்று வேண்டும், அதுவும் நட்டது பிழைக்க வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள்.

நான் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை. டிவியில் விவேக் சார் காமெடி வந்துவிட்டால் பற்றவைக்கிற கை அப்படியே நின்றுவிடும். லஞ்சம், சாதி, மூடநம்பிக்கை என்று அவர் தொடாத விஷயம் இல்லை. சின்னக் கலைவாணர் என்ற பட்டம் அவருக்குச் சும்மா வந்ததா என்ன? 2021 ஏப்ரல் 17 அன்று போய்விட்டார். 59 வயதுதான். அப்துல் கலாம் ஐயா சொன்னதை ஏற்று, 'கிரீன் கலாம்' என்று ஆரம்பித்து, ஒரு கோடி மரம் நடுவதை லட்சியமாக வைத்திருந்தார். 33 லட்சத்துக்கு மேல் நட்டும் காட்டினார். அப்படிப்பட்ட மனிதருக்குப் பேனர் கட்டி என்ன ஆகப்போகிறது? பட்டறைப் பையன்களும் நானும் கன்று வைக்கிறோம்.

கடைக்கார அக்கா விலை சொல்வதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "எந்த எடத்துல வைக்கப் போறீங்க கண்ணு?" மேலே கரண்டு கம்பி போகிற தெரு என்றால் உயரமாக வளரும் மரத்தைத் தரவே மாட்டார். ஏரிக்கரை என்றால் மருதம், நாவல். வெயில் காய்கிற பள்ளி மைதானத்துக்கு வேம்பும் புங்கனும். உயரமான கன்றைப் பார்த்து நாம் கை நீட்டினால், தண்டு தடித்த குட்டைக் கன்றை எடுத்து வைக்கிறார். கவரைத் திருப்பி அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். வேர் சுருண்ட கன்று சில வருஷம் நன்றாக வளர்வது போலத் தெரிந்து, பிறகு காற்றுக்குச் சாய்ந்துவிடுமாம். வேறொரு இடத்தில் மலிவாக வாங்கிய கன்றுகள் எங்களுக்கு அப்படித்தான் போயின.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. நினைவு நாளுக்கென்று ஏப்ரலில் போய்க் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறார். "சேலத்து வெயில்ல நட்டு அதைக் கொல்லவா வாங்கறீங்க?" என்று நேராகவே கேட்டார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற கடை எத்தனை இருக்கும்? இப்போது விவேக் சாருடைய பிறந்த நாளான நவம்பர் 19-க்குத்தான் நடுகிறோம். ஐப்பசி மழையில் மண் நன்றாக ஊறியிருக்கும், குழி தோண்டவும் சுலபம். ஆடு கடிக்காமல் இருக்க முள் வெட்டிச் சுற்றிக் கட்டச் சொன்னதும் அக்காதான். அதைச் செய்த பிறகு கன்றுகள் தப்பித்து நிற்கின்றன.

குறை என்று பார்த்தால், விலை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். என் கணக்கில் அது நியாயமான விலை. சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை, கையில் பணம் கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிற வண்டிக் கூட்டத்தில் டெம்போ நிறுத்த இடம் கிடைக்காது. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். மொத்தமாக வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே சொல்லி வைப்பது நல்லது.

அக்காவிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று: இலுப்பைக் கன்றும் கொஞ்சம் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுச் சும்மா திரும்புகிறோம்.