உப்புவெளி மணலில் வலைக்கு மேல் பதித்த புல்: நாலு மாரிக்குப் பிறகு

எங்கள் வளவு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். முழுக்க மணல். வளை தோண்டும் எலிகளான அகழானுக்கும் பெருச்சாளிக்கும் இதைவிட வசதியான நிலம் கிடையாது. பழைய புற்தரைக்குக் கீழே எல்லாம் பொந்தாகி, கால் வைத்த இடம் பொதுக்கென்று உள்ளே போகும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்பதால் பின்வளவுக்கு இறங்குவதையே விட்டுவிட்டார். அதனால்தான் 2021 ஒக்டோபரில் பழையதைக் கொத்தி எடுத்துவிட்டு, கம்பி வலை விரித்து அதன்மேல் மலேசியன் புல் பதித்தோம்.

மருந்து வைக்கலாமே என்று பலர் சொன்னார்கள். நாயும் கோழியும் திரிகிற வளவில் எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மருந்து தின்று செத்த எலியை நாய் கவ்வினால் நாய்க்கும் ஆபத்து. பொறி வைத்து ஒன்றைப் பிடித்தாலும், காலியான பொந்துக்குப் பக்கத்து வளவிலிருந்து இன்னொன்று குடிவந்துவிடும்.

வலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். கோழிக்கூட்டு வலையின் மெல்லிய கம்பியை எங்கள் உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும். பிளாஸ்டிக் வலையை எலி கடித்தே அறுத்துவிடும். நாங்கள் வாங்கியது அரை அங்குலக் கண் உள்ள, வெல்டிங் செய்த கல்வனைஸ் (துத்தநாகம் பூசிய) வலை. புல்லைவிட வலைக்குத்தான் கூடச் செலவானது. துண்டுக்குத் துண்டு அரை அடி மேலேறும்படி விரித்து, கட்டுக்கம்பியால் இறுக்கி, வெட்டிய முனைகளைக் கீழ்நோக்கி மடக்கினோம். அதற்கு மேல் இரண்டு அங்குலத்துக்குச் செம்மண்ணும் மக்கிய மாட்டெருவும், அப்புறம் புல்.

வேலைக்கு வந்த மேசன் அண்ணை, "தம்பி, கம்பிக்கு மேல வைச்சா புல்லு வேர் விடாது" என்று தயங்கினார். அடுத்த மாசியில் ஓரத்தில் ஒரு துண்டைக் கிளப்பிக் காட்டினேன். ஒவ்வொரு கண்ணுக்குள்ளாலும் வெள்ளை வேர்கள் இறங்கி, வலையையே தெரியாதபடி மூடியிருந்தன. கையால் பிரிக்க முடியவில்லை.

உண்மையில் வளவைக் காப்பாற்றுவது நடுவில் கிடக்கும் வலை அல்ல, ஓரம்தான். சுற்றிவரக் கிடங்கு வெட்டி, வலையை ஒன்றரை அடி நேரே இறக்கி, அடியில் அரை அடி வெளிப்பக்கமாக மடித்துவிட்டோம். ஓரத்தை ஒட்டித் தோண்டி வருகிற அகழான் அந்த மடிப்பில் முட்டும். பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. மாரி காலத்தில் விடிய எழும்பிப் பார்த்தால், வேலிக்கு வெளியே ஈர மணல் குவிந்திருக்கும், பொந்தின் வாயும் மண்ணால் அடைபட்டிருக்கும். அகழான் அந்தப் பொந்துக்குள் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு குவியலும் இல்லை.

வலை போட்டபின் சில வசதிகள் போய்விடும். நினைத்த இடத்தில் செவ்வரத்தை நட முடியாது. முள்ளுக்கரண்டியால் ஆழமாகக் குத்திக் காற்றோட்டம் கொடுக்கவும் முடியாது. தென்னையடிக்கு வலையை நெருக்கி வெட்டலாம். மா பருக்கிற மரம், அதைச் சுற்றி ஓரடி விட்டு அந்த இடைவெளியில் கருங்கல் அடுக்க வேண்டும். வண்டின் வெள்ளைப் புழுவுக்கும் கறையானுக்கும் வலை ஒரு தடையே இல்லை. புல் திட்டுத்திட்டாகப் பழுத்து, இழுத்தால் பாய் மாதிரிக் கழன்று வந்தால் அது புழுவின் வேலை, அகழானைத் திட்ட வேண்டாம். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் வீடு உள்ளவர்கள் மானையும் கணக்கில் வையுங்கள், அது மேலேயிருந்து மேயும்.

மண்ணுக்குள் இருக்கும் கம்பி நிறம் மங்கியதே தவிர, இன்னும் உறுதியாக இருக்கிறது. படலையடியில் வெளியே நீட்டியிருந்த விளிம்பு மட்டும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அதனால் ஒரு விரற்கடைகூட வெளியில் தெரியாமல் புதையுங்கள்.

தொடங்க நல்ல நேரம், ஒக்டோபரின் முதல் மழைகள் விழுந்தவுடன். கார்த்திகையின் அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பதித்தால், உவர்க் கிணற்றுத் தண்ணீரை நம்பிப் புல்லைக் காப்பாற்றுவது பெரும் பாடு.

முன்வளவையும் வரும் மாரிக்கு இப்படியே செய்யப் போகிறோம். அங்கே மணல் இன்னும் இளக்கம் என்பதால் ஓரக் கிடங்கு இரண்டடி.