பழைய ஹோர்ன்பி ரயில் வாங்கப் போகிறவர்கள் கவனம்

கொழும்பில் பழைய பொம்மை ரயில் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். போன மாதம் மருதானைப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் 65,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்.

லிவர்பூலில் மெக்கானோ கம்பனி 1930களில் செய்த ஹோர்ன்பி பொம்மை ரயில் எஞ்சின், சாவி கொடுத்தால் ஓடுவது, 'ஓ கேஜ்' என்கிற தண்டவாள அளவு, பெட்டியோடு. "கைபடாத சாமான் தம்பி, அப்படியே ஒரிஜினல்" என்றார் கடைக்காரர். சாவி கொடுத்துப் பார்க்கவா என்று கேட்டேன். "வேண்டாம், பழைய ஸ்பிரிங், அறுந்துவிடும்" என்றார். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அப்பாவிடம் சின்ன வயதில் இதேபோல ஒன்று இருந்தது. 83 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோனது. அவர் கையில் கொடுக்கும் அவசரத்தில் பில்கூட வாங்கவில்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஞ்சினைக் கவிழ்த்தார். "இந்தச் சில்லு ஏன் வீங்கியிருக்கு?" விரலால் மெல்ல உருட்டினார். ஒரு துண்டு உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், நமுத்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

அந்தக் காலத்துச் சில்லுகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அதில் கொஞ்சம் ஈயம் கலந்திருந்தாலே போதும், ஈரக்காற்றில் உள்ளிருந்தே வெடித்து வீங்கும். நம் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். மருந்து கிடையாது, மாற்றுச் சில்லுதான். அது வயதின் குறை. அதற்காகக் கடைக்காரரைக் குற்றம் சொல்லமாட்டேன். வெடிப்பைப் பெயின்டால் மூடி 'ஒரிஜினல்' என்று விற்றதுதான் மோசடி. எஞ்சினில் அடித்திருந்த புதுச் சிவப்புப் பெயின்ட் சில்லின் வெடிப்புக்குள்ளும் இறங்கியிருந்தது. உடலைப் பிடித்திருக்கும் தகர நாக்குகளில் திரும்பவும் நிமிர்த்தி மடித்த தடம்; யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அப்புறம், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சைப் பெட்டியில் அடித்தேன். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. காகிதத்தில் அப்படி ஒளிரும் வெண்மை ரசாயனம் பரவலானது உலகப் போருக்குப் பிறகுதான்.

சாவி கொடுக்க விடாத கடையில் வாங்காதீர்கள். நாலு சில்லையும் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். 'ஒரிஜினல்' என்றால் அந்தச் சொல்லைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பழைய சாமானுக்கு உத்தரவாதம் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரியில் அதே சிவப்பில் இன்னும் இரண்டு எஞ்சின்கள் நின்றன.