வன்னிப் புழுதியில் 1என்இசட் எஞ்சின்: ஐடில் நடுக்கமும் ஓயில் கசிவும்

டொயோட்டாவின் கொரொல்லா 121, அக்சியோ 141, அலியன் ஏ15, புரோபொக்ஸ். இவற்றின் 1.5 லீற்றர் வகைகளில் இருப்பது ஒரே எஞ்சின்தான்: 1என்இசட்-எஃப்இ, 1497 சிசி, 16 வால்வு, ரைமிங் செயின், பிளக்கில் பொறி அடிக்கச் சிலிண்டருக்கு ஒரு கொயில். ஏ9 இல் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஒரே வேகத்தில் ஓடினால் இதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் கிரவல் வீதிகளில் வருடக்கணக்காக ஓடியதில்தான் இரண்டு முறைப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது: எஞ்சினை ஓடவிட்டபடி நிறுத்தி வைத்தால், அதாவது ஐடிலில், குலுங்குகிறது, அடியில் ஓயில் ஈரம் தெரிகிறது. கராஜில் இரண்டையும் வெவ்வேறு வருத்தமாகப் பார்த்து இரண்டு பில் எழுதுவார்கள். இந்த எஞ்சினில் பல வேளைகளில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

முதலில் குலுக்கம் எஞ்சினிலா, அதைத் தாங்கும் றப்பர் மவுண்டிலா என்று பிரியுங்கள். சூடேறிய எஞ்சின் ஏசி இல்லாமல் 650–700 ஆர்பிஎம்மில் நிற்க வேண்டும். ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, டி கியரில் பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டியரிங் நடுங்கி, நியூட்ரலில் போட்டதும் அடங்கினால் அது எஞ்சின் மவுண்ட். பள்ளமும் திட்டியுமான வீதியில் மவுண்ட் றப்பர் வெடிப்பது சாதாரணம். அதற்குப் பிளக் மாற்றுவது வீண் செலவு.

முள்ளே ஆடினால் எஞ்சினின் மேல் மூடியான ரப்பட் கவரில் இருக்கும் பிசிவி வால்வைப் பாருங்கள். சிறிய சாமான்தான், ஆனால் கராஜில் கடைசியாகத்தான் இதைத் தொடுவார்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்ரேக் பக்கம் இழுத்து எரிக்க விடுவது இதன் வேலை. ஓயில் மாற்றத்தை இழுத்தடித்தால் உள்ளே பிசின் படிந்து இது அடைபடும். அடைபட்டால் வாயு போக வழியில்லாமல் சீல், பாக்கிங் வழியாக ஓயிலைத் தள்ளும். திறந்தபடி இறுகினால் அளவுக்கு மிஞ்சிய காற்று உள்ளே போய் ஐடில் ஆடும், ஓயிலும் எரியும். கழற்றிக் குலுக்கினால் ‘கிலுக் கிலுக்’ என்று சத்தம் வர வேண்டும். ஒரு துண்டு ஹோஸை மாட்டி ரப்பட் கவர் பக்கத்தால் ஊதினால் காற்று போக வேண்டும், இன்ரேக் பக்கத்தால் ஊதினால் போகவே கூடாது அல்லது மிகக் கடினமாகப் போக வேண்டும். வாயால் நேரே ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம், உள்ளே இருப்பது நஞ்சு. இன்னொரு சோதனை: ஐடிலில் ஓயில் மூடியைத் திறந்து, அந்தத் துவாரத்தின் மேல் மெல்லிய பேப்பர் ஒன்றை வையுங்கள். மெதுவாக ஒட்டிக்கொண்டால் நல்லது. எறிந்து தள்ளினால் பிசிவி அடைப்பு, அல்லது பிஸ்ரன் ரிங் தேய்வு.

இரண்டாவது பொதுக் காரணம் ரப்பட் கவர் பாக்கிங். வெளிப்பக்கம் கசிந்தால் சூடான எக்சோஸ்றில் விழுந்து கருகல் மணம் வரும். பிளக் குழியைச் சுற்றிய றப்பர் இறுகினாலோ குழிக்குள்ளேயே ஓயில் தேங்கி, கொயிலின் றப்பர் ஊறி, அந்தச் சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும். கொயிலை இழுக்கும்போது நுனியில் ஓயில் இருந்தால் இதுதான். நான்கு கொயிலை வாங்கி மாட்டுவதற்கு முன் பாக்கிங்கை மாற்ற வேண்டும். பழைய பாக்கிங்கைச் சுரண்டித் துடைத்து, ரைமிங் கவரும் ஹெட்டும் சந்திக்கும் இரண்டு மூலையிலும் மட்டும் சிலிக்கன் பொட்டு வையுங்கள். சுற்றிவரப் பூசினால் மிஞ்சியது உள்ளே உதிர்ந்து அடியில் ஓயில் தேங்கும் சம்பின் சல்லடையை அடைக்கும். போல்ட் இறுக்கம் 10 நியூட்டன் மீற்றர்தான். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நெரித்தால் கவர் வளையும் அல்லது அலுமினியப் புரி போகும், கசிவும் நிற்காது.

எந்தச் சிலிண்டர் என்று அறிய எஞ்சின் கம்பியூட்டரின் பிழைக் கோட்களை வாசிக்கும் ஸ்கானரில் பி0301 முதல் பி0304 வரை பாருங்கள். கடைசி இலக்கம்தான் சிலிண்டர். அந்தக் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். கோட் கூடவே போனால் கொயில் பிழை, போகாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரசன். எலி கடித்த வயரையும் மறக்கக் கூடாது. நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் வாகனத்தில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பி0171 வந்தால் காற்று கூட, பெற்றோல் குறைவு. ஸ்கானரில் ஃபியூவல் ட்ரிம், அதாவது கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் வீதம், ஐடிலில் பத்து வீதத்துக்கு மேல் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வக்யூம் ஹோஸிலோ இன்ரேக் பாக்கிங்கிலோ ஓட்டை. வேகம் கூட்டியும் இறங்காவிட்டால் காற்றளவு சென்சர் அழுக்கு, அல்லது பெற்றோல் அழுத்தம் குறைவு. செம்புழுதி இந்தச் சென்சரின் மெல்லிய கம்பியில் ஒட்டினால் கணக்குப் பிழைக்கும். அதற்குரிய கிளீனர் மட்டும் அடியுங்கள், பிரஷ் வேண்டாம். எயர் ஃபில்டரை உள்ளிருந்து வெளியே ஊதலாம். ஆனால் தாளைவிட விளிம்பு றப்பர் முக்கியம், பெட்டியில் சரியாகக் குந்தாத மலிவு ஃபில்டர் வழியாகத்தான் புழுதி போகிறது. காற்று நுழையும் த்ரொட்டிலில் கரி வளையம் இருந்தால் துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். எக்சலேற்றர் கேபிள் இல்லாத எலக்ட்ரோனிக் வகையில் சாவி போட்டபடி பட்டாம்பூச்சித் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. துடைத்த பிறகு ஐடில் சற்று ஏறி நிற்கும். பத்து நிமிடம் சூட்டில் விட்டு, பிறகு ஏசி போட்டும் விட்டால் கம்பியூட்டர் புது அளவைப் பழகிக்கொள்ளும்.

இனி கசிவு. ஓயிலும் புழுதியும் சேர்ந்து களியாகிவிட்டால் எங்கிருந்து வருகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டுக் கழுவி, துடைத்து, முற்றாகக் காயவிட்டு முகப்பவுடர் தூவுங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள், பவுடர் முதலில் நனைந்த இடம்தான் மூலம். சேர்விஸ் நிலைய அழுத்தத் தண்ணீர் வேண்டாம். பிளக் குழியில் தேங்கி, அடுத்த நாள் புதிய குலுக்கத்தைத் தரும். ரப்பட் கவருக்கு அடுத்தபடியாக, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி ஓயில் வால்வின் ஓ-ரிங், ஓயில் பிரஷர் சுவிட்ச், முன் கிராங்க் சீல், சம்ப் நட்டின் வொஷர் என்று இறங்குங்கள். ஓ-ரிங் மாற்ற ஒரே ஒரு போல்ட் கழற்றினால் போதும். ஓயில் ஃபில்டர் மாற்றிய அன்றே கசிந்தால் பழைய றப்பர் எஞ்சினில் ஒட்டி நிற்கும், அதன்மேல் புதியது பூட்டப்பட்டிருக்கும்.

ஃபில்டரோடு சேர்த்துக் கொள்ளும் ஓயில் 3.7 லீற்றர். நான்கு லீற்றர் கானை முழுவதும் ஊற்றுவதுதான் வழக்கம். அந்த மிச்சம் 300 மில்லிலீற்றர் உள்ளே வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கசிவை நிறுத்த என்று 20டபிள்யூ-50 ஊற்றுவதும் நடக்கிறது. 5டபிள்யூ-30க்குச் செய்த விவிடி வால்வு தடித்த ஓயிலில் மந்தமாகும், கசிந்த றப்பர் அப்படியேதான் கிடக்கும்.

எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் ஈரம் என்றால் பின் கிராங்க் சீல், கியர்பெட்டி இறக்க வேண்டும். முதலில் பிசிவியை மாற்றி, 1000 கிலோமீற்றர் ஓட்டி, இரவில் அடியில் காட்போட் விரித்துச் சொட்டுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு சொட்டுத்தான், டிப்ஸ்ரிக்கிலும் அளவு இறங்கவில்லை என்றால் கியர்பெட்டியை இறக்க இன்னும் நேரம் வரவில்லை.