தாக்குதலா, எண்ட்கேமா? செஸ்ஸில் 1500 ரேட்டிங்கில் எதைப் படிப்பது

செஸ்ஸில் ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங், 1500-ஐ ஒட்டி முட்டிக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் தாக்குதலைத்தான் தேடிப் போகிறார்கள். தப்பில்லை. எதிராளி ராஜாவுக்குப் பக்கத்திலுள்ள எச்7 கட்டத்தில் பிஷப்பைப் பலி கொடுத்து, அந்த ராஜா அதை வெட்டியதும் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து செக், அப்புறம் ராணி எச்5. இந்த வரிசை தெரிந்தாலே ஆன்லைனில் பல ஆட்டம் சீக்கிரம் முடியும். ஆனால் ராஜா ஜி8-க்குத் திரும்பாமல் ஜி6-க்கு ஏறி வந்தால்? அதைக் கணக்குப் போடாமல் பலி கொடுத்தவர் கதை கந்தல். எதிராளியின் குதிரை எஃப்6-ல் இருந்தாலும் ராணி எச்5-க்குப் போக முடியாது.

எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம், அதைப் படிப்பது சலிப்புதான், சரி, ஆனால் இப்படிக் காலை வாராது. உங்களிடம் யானை மட்டும், எதிராளியிடம் யானையும் ஒரு சிப்பாயும், உங்கள் ராஜா சிப்பாய்க்கு எதிரே நிற்கிறது என்று வையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்தி அவர் ராஜாவை மறியுங்கள். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையைத் தூரக் கோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் மேல் செக், டிரா. இதுதான் ஃபிலிடோர் நிலை. ஒரு மாலையில் படித்துவிடலாம்.

2013-ல் சென்னையில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கார்ல்சன் ஆனந்தை 5, 6-வது ஆட்டங்களில் வென்றதும் எண்ட்கேமில் பிழிந்துதான்.

என் ஓட்டு எண்ட்கேமுக்கு. ஆனால் 25 நகர்த்தலுக்குள்ளேயே தோற்பவர் என்றால் முதலில் தாக்குதலையும் தற்காப்பையும் பாருங்கள், எண்ட்கேம் வரை போனால்தானே அது உதவும்.