சி1வி1 போதுமா, மூல் எண்ண வேண்டுமா?

கலியாண வீட்டில் தேத்தண்ணி ஊற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த சாயம் ஒரு கேத்தலில், சுடுதண்ணி இன்னொன்றில். கோப்பையில் கொஞ்சம் சாயம் விட்டு, மேலே சுடுதண்ணியால் நிரப்புவார். எவ்வளவு தண்ணி விட்டாலும் கோப்பைக்குள் போன சாயம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஐதாக்கல் கணக்கின் உயிர் அதற்குள்தான் இருக்கிறது.

ஹட்டன் பக்கம் மாலை வகுப்பு எடுக்கிறேன். தரம் 11 பிள்ளைகளும் உயர்தரப் பிள்ளைகளும் வருவார்கள். செறிவுக் கணக்கு என்றதும் ஆளுக்கொரு வழி. சிலர் சி1வி1 = சி2வி2 என்று எழுதிவிட்டுத்தான் கேள்வியையே வாசிப்பார்கள். சி என்றால் செறிவு, வி என்றால் கனவளவு; 1 ஐதாக்குமுன், 2 ஐதாக்கியபின். சிலர் முக்கோணம் வரைவார்கள். கொஞ்சப் பேர் மூல் எண்ணுவார்கள்; மூல் என்பது டசின் மாதிரி, துணிக்கைகளை எண்ணும் ஒரு அலகு. “எது நல்லது சேர்?” என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் உயர்தர இரசாயனவியல் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. கையால் பெருக்கி, வெட்டி, விடைக்கு வரவேண்டும். ஆகவே சரியான வழியாக இருந்தால் மட்டும் போதாது, பூச்சியங்களில் கால் இடறாத வழியாகவும் இருக்கவேண்டும்.

முக்கோணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேலே மூல், கீழே செறிவும் கனவளவும். வேண்டியதை விரலால் மறைத்தால் மற்ற இரண்டையும் பெருக்குவதா வகுப்பதா என்று தெரியும். தரம் 10 பிள்ளைக்கு முதல் வாரத்தில் உதவும். ஆனால் கனவளவை லீற்றரில் போடவேண்டும் என்பதை அது சொல்லாது. 250 மில்லிலீற்றரை அப்படியே போட்டு, ஆயிரம் மடங்கு பிழையான விடையைப் பெட்டிக்குள் அழகாக எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

சி1வி1 அப்படியில்லை. அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் அதை வெல்வது கஷ்டம். லீற்றருக்கு 2 மூல் உள்ள அமிலத்திலிருந்து 0.1 மூல் உள்ள கரைசல் 250 மில்லி வேண்டும் என்று வைப்போம். 0.1 × 250 ÷ 2, விடை 12.5 மில்லி. இரு பக்கமும் ஒரே அலகு என்பதால் மில்லியை லீற்றராக மாற்றவும் தேவையில்லை. இதையே இன்னும் சுருக்கமாக, ‘எத்தனை மடங்கு?’ என்று கேட்டும் செய்யலாம். 2 இலிருந்து 0.1, இருபது மடங்கு ஐதாகிறது; 250 ஐ இருபதால் வகுத்தால் அதே 12.5. இந்த மடங்கு வழியை நான் மனக்கணக்காகவே செய்யச் சொல்வேன். சமன்பாட்டில் மேலே கீழே மாற்றிப் போட்டவருக்குத் தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் சமன்பாடு பிடித்துப்போனவர்கள் விழுகிற குழிகள் மூன்று. முதலாவது ‘சேர்த்தல்’ என்ற சொல். லீற்றருக்கு 0.5 மூல் உள்ள கரைசல் 100 மில்லியுடன் 400 மில்லி நீர் சேர்த்தால் செறிவு என்ன? பலர் வி2 இடத்தில் 400 ஐப் போட்டு 0.125 என்பார்கள். கோப்பையில் இப்போது இருப்பது 500 மில்லி, விடை 0.1. இரண்டாவது, இரு கரைசல்களைக் கலப்பது. லீற்றருக்கு 0.2 மூல் உள்ளது 100 மில்லி, 0.4 மூல் உள்ளது 300 மில்லி, கலந்தால் என்ன செறிவு? சமன்பாட்டில் வலது பக்கம், இடது பக்கம் என்று இரண்டே இடம்தான். மூன்றாவது கரைசல் எங்கே உட்காரும்?

மூன்றாவது குழிதான் புள்ளிகளை விழுங்குவது. நியமிப்பில், அதாவது செறிவு தெரிந்த கரைசலால் மற்றதன் செறிவைக் கண்டுபிடிக்கும்போது, அளவியைத் (பியூரெற்றைத்) திறந்துவிட்டதும் சி1வி1 ஐ எழுதிவிடுவார்கள். லீற்றருக்கு 0.1 மூல் உள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 25 மில்லியை நடுநிலையாக்க, அதே செறிவுள்ள சல்பூரிக் அமிலம் எவ்வளவு வேண்டும்? சமன்பாடு 25 மில்லி என்கிறது. உண்மையில் 12.5 தான், ஏனென்றால் ஒரு மூல் சல்பூரிக் அமிலம் இரண்டு மூல் ஐதரொட்சைட்டைத் தின்கிறது. ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒன்றுக்கு ஒன்று என்பதால் சமன்பாடு தற்செயலாகச் சரிவரும். அந்தத் தற்செயல்தான் பிள்ளையைக் கெடுக்கிறது. பத்துக் கணக்கில் சரிவந்தது, பதினோராவதில் ஏன் வராது என்று நம்பிவிடுகிறது.

சரி, மூல் எண்ணுகிற வழிக்கு வருவோம். அது நீளம், நேரம் தின்னும் என்பதுதான் பொதுவான புகார். 25 ஐ 1000 ஆல் வகுத்து, 0.1 ஆல் பெருக்கி, 0.0025 என்று எழுதி, பிறகு திரும்ப 1000 ஆல் பெருக்கினால் நீளம்தான். நான் சொல்வது, லீற்றருக்குப் போகவே வேண்டாம், மில்லிமூலில் எண்ணுங்கள். மில்லிலீற்றரையும் லீற்றருக்கான மூலையும் பெருக்கினால் வருவது மில்லிமூல். 25 × 0.1 = 2.5 மில்லிமூல் ஐதரொட்சைட்டு. அமிலம் அதில் பாதி, 1.25. அதை 0.1 ஆல் வகுத்தால் 12.5 மில்லி. இரண்டு வரி. மேலே சொன்ன கலவைக் கணக்கும் அப்படித்தான்: 20 உம் 120 உம் சேர்ந்து 140 மில்லிமூல், மொத்தம் 400 மில்லி, ஆகவே 0.35. பூச்சியத்துக்குப் பின்னால் பூச்சியம் எழுதி எண்ணிக்கொண்டிருக்கும் வேலையே இல்லை.

திண்மத்தை நிறுத்துக் கரைசல் செய்யும்போது மூல் வழிக்குப் போட்டியே கிடையாது. சி1 என்று சொல்ல அங்கே ஒரு கரைசலே இல்லையே. 250 மில்லி, 0.1 என்றால் 25 மில்லிமூல். நீரற்ற சோடியம் காபனேற்றின் மூலர்த்திணிவு (ஒரு மூலின் திணிவு) 106 கிராம், ஆகவே 2.65 கிராம். அதே உப்பு பத்து நீர் மூலக்கூறோடு இருந்தால் மூலர்த்திணிவு 286, நிறுக்கவேண்டியது 7.15 கிராம். போத்தலில் எது என்று பார்க்காமல் தராசில் கொட்டினால் எந்தச் சமன்பாடும் காப்பாற்றாது. சோடியம் ஐதரொட்சைட்டில் இதே கரைசலுக்குக் கணக்கு அழகாக 1 கிராம் என்று வரும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் மலையில் பனிமூட்டம் யன்னலால் உள்ளே வருகிற நாளில், நிறுத்து முடிக்குமுன் வில்லைகள் பளபளக்கத் தொடங்கிவிடும். நிறுத்தது 1 கிராம்தான், அதில் எவ்வளவு தண்ணி என்று யார் சொல்வது? அதனால்தான் காபனேற்றில் நியமக் கரைசல் (செறிவு திட்டமாகத் தெரிந்தது) செய்து, அதனால் ஒரு அமிலத்தின் செறிவைக் கண்டு, பிறகு அந்த அமிலத்தால் ஐதரொட்சைட்டின் செறிவை நியமித்துக் கண்டுபிடிக்கிறோம்.

நுவரெலியாவிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “குடுவையில் 20 பாகை என்று போட்டிருக்கே சேர், எங்க ஊர்க் குளிருக்கு அளவு மாறாதா?” நல்ல கேள்வி. 15 பாகையில் நிரப்பினால் 250 மில்லியில் வித்தியாசம் கால் மில்லிக்கும் குறைவு. பள்ளிக்கூடத் தராசும் நம் கண்ணும் செய்கிற பிழைக்கு முன்னால் அது பெரிதல்ல.

கடையில் வரும் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்துக்கு எல்லா வழியும் தேவைப்படும். போத்தலில் திணிவுப்படி 36.5 சதவீதம், அடர்த்தி மில்லிக்கு 1.18 கிராம் என்று இருந்தால், ஒரு லீற்றர் 1180 கிராம், அதில் அமிலம் 430.7 கிராம், மூலர்த்திணிவு 36.5 ஆல் வகுத்தால் 11.8 மூல். அங்கே மூல் வழி. லீற்றருக்கு 1 மூல் உள்ள கரைசல் 500 மில்லி வேண்டும் என்ற கட்டத்தில் 11.8 மடங்கு, ஏறத்தாழ 42 மில்லி. அங்கே சி1வி1, அதுவும் மனக்கணக்கில். அப்புறம் முதலில் குடுவையில் பாதிக்கு மேல் நீரை எடுத்து, அமிலத்தை அதற்குள் மெதுவாக விட்டு, ஆறவிட்டுக் கோடுவரை நிரப்பவேண்டும்.